கடல் சும்மா இருக்கிறதா? சந்தேகப்படுங்கள்! - ஒரு பவளப்பாறை அலை சொல்லும் நொடிக் கணக்கு

2024-ம் ஆண்டு ஜூலை 29. அன்று எடுக்கப்பட்ட அந்தப் புகைப்படம் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். அலையிலிருந்து எகிறி, அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கிறார் ஒரு வீரர். வலது கை ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டுகிறது. பக்கத்தில் அவருடைய சர்ஃபிங் பலகையும் அவரைப் போலவே செங்குத்தாக நிற்கிறது. கிராஃபிக்ஸ் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், அது நிஜம்!

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரேசில் வீரர் கேப்ரியல் மெதினா ஒரே அலையில் 9.90 புள்ளிகள் எடுத்த கணம் அது. ஒலிம்பிக் சர்ஃபிங்கில் ஓர் அலைக்குக் கிடைத்த மிக அதிகமான புள்ளி. படகில் இருந்தபடி அதைப் படம்பிடித்தவர் ஏ.எஃப்.பி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஜெரோம் ப்ருயே.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 5. அதே மெதினா, அதே இடம், அரையிறுதிப் போட்டி. பலகையில் உட்கார்ந்து அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் போட்டியில் ஒருவரின் சிறந்த இரண்டு அலைகளைக் கூட்டித்தான் மதிப்பெண். மெதினாவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அலை. அடுத்த அலை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தங்கக் கனவு போனது. பிறகு வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

திறமை ஒரு வாரத்தில் காணாமல் போகுமா என்ன? மாறியது கடல்தான். அந்தக் கடல் எப்போது கொடுக்கும், எப்போது கையை விரிக்கும் என்று முன்கூட்டியே சொல்லப் பார்ப்பதுதான் அலை முன்னறிவிப்பு. சர்ஃபிங் பக்கமே போகாதவர்களும் ஏன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? கன்னியாகுமரிக்கோ வேளாங்கண்ணிக்கோ குடும்பத்தோடு போய், கடலில் கால் நனைக்கும் எல்லோருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

சாலை முடியும் ஊர்

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் என்றாலும் சர்ஃபிங் போட்டி நடந்தது பாரிஸில் அல்ல. அங்கிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அதிக தொலைவில், தென் பசிபிக் கடலில் இருக்கும் தஹிதித் தீவில். பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த அந்தத் தீவின் தென்கோடியில், கடற்கரைச் சாலை முடியும் இடத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் தியாஹுபோ. சர்ஃபர்கள் செல்லமாக ‘சோப்பூ’ என்பார்கள்.

இங்கே அலை உடைவது கரையில் அல்ல. கரையிலிருந்து அரை கிலோமீட்டர் அளவு தள்ளி, நீருக்கு அடியில் இருக்கும் பவளப்பாறைத் திட்டின் மேல். நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வது இப்படிப்பட்ட கடலடிப் பாறையைத்தான். அந்தத் திட்டின் மேல் சில இடங்களில் இடுப்பளவு நீர்கூட இருக்காது. ஆனால், திட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் தரை சரேலென்று கீழே இறங்கிவிடும்.

வேறு பல கரைகளில் கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்து வரும். வரும் வழியிலேயே அலை தரையில் உரசி உரசிக் களைத்துப்போகும். தியாஹுபோவில் அந்த வாய்ப்பே இல்லை. ஆழ்கடலின் முழு வேகத்தோடு வரும் அலை, திடீரென்று எதிரே சுவரைப் பார்த்ததுபோல் தடுக்கி, நிமிர்ந்து, குடைபோல் கவிழ்கிறது. அந்தக் குடைக்குள் உண்டாகும் குகையில் புகுந்து வெளியே வருவதுதான் வீரர்களின் லட்சியம். வெளியே வர முடியாவிட்டால்? கீழே காத்திருப்பது மணல் அல்ல, கத்திபோன்ற பவளப்பாறை!

2000-ம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க வீரர் லெயர்ட் ஹாமில்டன் ஜெட் ஸ்கியால் இழுத்துவிடப்பட்டு இங்கே ஓர் அலையில் சறுக்கினார். சர்ஃபிங் உலகம் இன்றும் அந்த அலையைப் பற்றிப் பேசுகிறது. காரணம் அதன் உயரம் மட்டுமல்ல, அதன் தடிமன். ஒரு மலைச்சரிவே புரண்டு விழுவதுபோல் இருந்தது அந்த அலை.

எந்த நாள் பெரிய நாள்?

இப்படிப்பட்ட இடத்தில் இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்னறிவிப்பு அட்டவணையைத்தான். உதாரணத்துக்கு இரண்டு நாள்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள்: அலை உயரம் 2.5 மீட்டர், 9 நொடி, தென்கிழக்கிலிருந்து. காற்று தென்கிழக்கிலிருந்து 18 நாட்.

இரண்டாம் நாள்: அலை உயரம் 1.8 மீட்டர், 16 நொடி, தென்மேற்கிலிருந்து. காற்று வடகிழக்கிலிருந்து 5 நாட்.

எந்த நாள் பெரிய நாள்? “2.5 மீட்டர்தான் பெரியது, இதிலென்ன சந்தேகம்?” என்று தோன்றும். தியாஹுபோவை அறிந்தவர்கள் முதல் நாளில் வீட்டில் படுத்துத் தூங்குவார்கள். இரண்டாம் நாளுக்கு அலாரம் வைத்து எழுந்துகொள்வார்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நொடி என்பது என்ன?

ஓர் அலையின் முகடு கடந்துபோன பிறகு, அடுத்த முகடு அதே இடத்துக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்த ‘நொடி’. அட்டவணையில் பலரும் கண்டுகொள்ளாத எண் இதுதான். ஆனால், அதிகம் பேசுவதும் இதுதான்.

பக்கத்தில் வீசும் காற்று கிளப்பும் அலைகள் சின்ன இடைவெளியில், முன்னும் பின்னுமாக முட்டி மோதிக்கொண்டு வரும். 5 முதல் 9 நொடிகள் இருக்கும். தொலைதூரப் புயலில் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வரும் அலைகளோ வரிசைகட்டி, நிதானமாக வரும். 14, 16, 18 நொடிகள் என்று இருக்கும். இவற்றுக்கு ‘ஸ்வெல்’ என்று பெயர்.

9 நொடி அலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே ஆழ்கடலில் சுமார் 126 மீட்டர் தூரம் இருக்கும். 16 நொடி அலையிலோ சுமார் 400 மீட்டர்! அலையின் அசைவு அந்தத் தூரத்தில் பாதி அளவு ஆழம்வரை இறங்கும். அதாவது, 16 நொடி அலை கடலுக்குள் 200 மீட்டர் ஆழம்வரை தண்ணீரை அசைத்துக்கொண்டு வருகிறது. மேலே தெரிவது 1.8 மீட்டர்தான். கீழே வருவது பெரிய சரக்கு.

உதாரணத்தில் உள்ள இரண்டு நாள்களையும் சக்திக் கணக்கில் போட்டுப் பார்த்தால், உயரத்தில் அத்தனை வித்தியாசம் இருந்தும் ஆழ்கடலில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வரும். பாறையைத் தொட்ட பிறகு, 16 நொடி அலைதான் அதிகமாக நிமிர்ந்து எழும். சிதறாமல், ஒரே இடத்தில், ஒரே அடியாக உடையும்.

புயல் அங்கே... அலை இங்கே!

ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர்வரை தியாஹுபோவின் சீசன். அப்போது பூமியின் தென்பாதியில் குளிர்காலம். நியூசிலாந்துக்குத் தெற்கே கடும்புயல்கள் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வீசும் காற்றுதான் தியாஹுபோ அலையின் தாய்.

அலை எப்போது வந்துசேரும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நொடியை 2.8-ஆல் பெருக்கினால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று தெரிந்துவிடும். 16 நொடி அலை என்றால் சுமார் 45 கிலோமீட்டர். புயல் 3,600 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 80 மணி நேரம், அதாவது மூன்று நாள்களுக்குக் கொஞ்சம் அதிகம். அதே புயலில் பிறந்த 9 நொடி அலை 25 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு நாள் நடக்க வேண்டும். வழியிலேயே பெரும்பாலும் அடங்கியும் போகும்.

அதனால்தான் நீண்ட நொடி அலைகள் முதலில் வந்து கதவைத் தட்டுகின்றன. நேற்றுவரை 10 நொடி காட்டிய கடல் மிதவை திடீரென்று 18 நொடி காட்டினால், உயரம் அரை மீட்டர்தான் என்றாலும் அனுபவசாலிகள் உஷாராகிவிடுவார்கள். தொலைதூரத்துப் புயல் ஒன்று தன் முதல் தகவலை அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

திசையும் காற்றும்

மூன்றாவது எண் திசை. அட்டவணையில் இது டிகிரியில் இருக்கும். 180 என்றால் நேர் தெற்கிலிருந்து வருகிறது. 225 என்றால் தென்மேற்கு. 270 என்றால் மேற்கு. தியாஹுபோ பாறை தென்மேற்கைப் பார்த்து நிற்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஸ்வெல்தான் அதற்குப் பொருத்தம். தென்கிழக்கிலிருந்து வந்தால் அலை பாறையைச் சரியான கோணத்தில் பிடிக்காது.

நான்காவது காற்று. கடலிலிருந்து கரைக்கு வீசினால், அலையின் முகத்தைக் கலைத்து நுரையாக்கிவிடும். கரையிலிருந்து கடலுக்கு வீசினால், விழப்போகும் அலையைத் தாங்கிப் பிடிக்கும். அலையின் முகம் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும்.

வாடை, கொண்டல், கச்சான் என்று நம் கடற்கரை மக்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதுபோல தஹிதி மக்களும் வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கிலிருந்து பலமாக வீசும் காற்றுக்கு ‘மராமு’ என்று பெயர். அது வந்தால் அலை கெட்டது. இரவிலும் விடியற்காலையிலும் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மென்காற்று ‘ஹுபே’. வெயில் ஏறும்வரை அது உதவும். அலாரம் வைத்து எழுந்துகொள்வது அதற்காகத்தான்.

ஐந்தாவதாகக் கடல் ஏற்றமும் வற்றமும். இதில் தஹிதிக்கு ஒரு விசேஷம் உண்டு. நம் கரையில் நிலவின் கணக்குப்படி ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தஹிதியிலோ ஏறக்குறைய தினமும் நண்பகலிலும் நள்ளிரவிலும்தான் ஏற்றம்! நிலவின் இழுப்பால் எழும் ஓதம் பசிபிக்கில் ஒரு மையப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. அந்தப் புள்ளி தஹிதிக்கு அருகே இருப்பதால், அங்கே நிலவின் கை ஓங்குவதில்லை. சூரியனின் பங்கு வெளியே தெரிகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமும் ஓர் அடி அளவுதான்.

போருக்காகப் பிறந்த கணக்கு

இந்த முன்னறிவிப்பு முறை சர்ஃபிங்குக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இரண்டாம் உலகப்போர் காலம். 1942-ல் வட ஆப்பிரிக்கக் கரையில் படைகளை இறக்க நேசநாடுகள் திட்டமிட்டன. அலை ஓர் அளவுக்கு மேல் போனால் படகுகள் கவிழ்ந்துவிடும் என்ற கவலை எழுந்தது. வால்டர் மங்க் என்ற இளம் விஞ்ஞானியும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் காற்றை வைத்து அலையைக் கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோதும் அந்த முறை கைகொடுத்தது.

போர் முடிந்த பிறகும் மங்க் விடவில்லை. 1963-ல் நியூசிலாந்து தொடங்கி அலாஸ்காவரை பசிபிக் முழுவதும் கருவிகளை வைத்து அலைகளைப் பின்தொடர்ந்தார். தென்கடல் புயலில் பிறந்த அலை, பூமத்திய ரேகையைத் தாண்டி, 10,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தும் பெரிதாகச் சக்தி இழக்காமல் வடகோடிக் கரையைத் தொடுகிறது என்பது நிரூபணமானது. இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்களும் மிதவைகளும் கணினிகளும் செய்கின்றன. அடிப்படை அதே நொடிக் கணக்குதான்.

அட்டவணை சொல்லாத ஒன்று

எல்லா எண்களையும் படித்தாகிவிட்டது. இன்னும் ஒரு சூட்சுமம் பாக்கி இருக்கிறது. ‘உயரம் 1.8 மீட்டர்’ என்றால் எந்த அலையும் அதைத் தாண்டாது என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போடும் சராசரிதான் அந்த எண். இடையே ஓர் அலை அதைப்போல் இரண்டு மடங்குவரை எழலாம்.

தூரத்து அலைகள் தனித்தனியாகவும் வருவதில்லை. கூட்டமாக வரும். நான்கைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து அடிக்கும். பிறகு கடல் குளம்போல் அடங்கிவிடும். சில நிமிடங்களோ, அதற்கு மேலோ கழித்து அடுத்த கூட்டம் வரும். எந்த நாள் நல்ல நாள் என்பதை முன்னறிவிப்பு சொல்லிவிடும். அடுத்த கூட்டம் எந்த நிமிடத்தில் வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மெதினா அரையிறுதியில் மாட்டிக்கொண்டது அந்த அமைதியில்தான். அன்றைய இறுதிப் போட்டியில் தஹிதித் தீவின் பிள்ளை கௌலி வாஸ்ட், தொடக்கத்திலேயே வந்த இரண்டு நல்ல அலைகளை விடாமல் பிடித்தார். 9.50, 8.17. எதிரில் இருந்த ஆஸ்திரேலிய வீரர் ஜாக் ராபின்சன் காத்திருந்தார், காத்திருந்தார்... பெரிய அலை வரவே இல்லை. பிரான்ஸுக்காகத் தங்கம் வென்றார் வாஸ்ட்.

போட்டி ஜூலை 27-ல் தொடங்கி ஆகஸ்ட் 5-ல் முடிந்ததற்கும் கடல்தான் காரணம். நிலைமை சரியில்லாத நாள்களில் போட்டியையே தள்ளிவைத்தார்கள். ஒலிம்பிக்ஸ் என்றாலும் கடலுக்கு உத்தரவு போட முடியாதே! 2011 ஆகஸ்ட் 27-ல் இன்னும் மோசம். ஸ்வெல் அத்தனை பெரிதாக வரவே, பிரெஞ்சுக் கடற்படை உச்சக்கட்டச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. அங்கே நடந்துகொண்டிருந்த உலகப் போட்டி அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த வீரர்களின் போட்டியே காத்திருக்க வேண்டியிருந்தது.

குமரியிலும் அதே கணக்கு

தெற்கே புயல், தொலைவில் ஒரு கரை, நடுவில் பல நாள் பயணம். இது தஹிதிக்கு மட்டும் உரிய கதையல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் வீசினாலும் அங்கே பிறக்கும் ஸ்வெல் சில நாள்களில் கேரளத்தையும் நம் குமரிக் கரையையும் தொடும். உள்ளூரில் காற்று இருக்காது, மழை இருக்காது. வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறி வரும். திருடன்போல் சத்தமில்லாமல் வருவதால் மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’.

2024 மே 6. மெதினாவின் புகைப்படத்துக்குச் சரியாக 12 வாரங்களுக்கு முன்பு. கன்னியாகுமரி மாவட்டம், லெமூர் கடற்கரை. கடல் சீற்ற எச்சரிக்கை அமலில் இருந்த நேரம். சுற்றுலா வந்த மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. 5 பேர் உயிரிழந்தார்கள். படித்து முடித்து மருத்துவராகப் பலரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளைகள்.

அலை தெரிந்த வீரர் அமைதியான கடலைப் பார்த்தால், ‘அடுத்த கூட்டம் எப்போது?’ என்று கேட்பார். நாமோ, ‘கடல் சும்மாதானே இருக்கிறது’ என்று இறங்கிவிடுகிறோம். ஐந்து நிமிட அமைதி என்பது பாதுகாப்பு அல்ல. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியாகவும் அது இருக்கலாம்.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், ‘இன்காய்ஸ்’, இப்படிப்பட்ட ஸ்வெல் வருவதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை வெளியிடுகிறது. அடுத்த முறை அந்த எச்சரிக்கையைப் பார்க்கும்போது, ‘ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தானே’ என்று உயரத்தோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை நொடி என்று பாருங்கள். 15 நொடிக்கு மேல் இருந்தால், சின்ன உயரமும் கரையில் பெரிதாக ஏறும்.

கடற்கரைக்குப் போகிறீர்களா?

* கிளம்பும் முன்பு கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோயிலுக்குப் போங்கள், சூரிய உதயம் பாருங்கள். தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம்.

* கரையில் குறைந்தது 20 நிமிடம் உட்கார்ந்து கடலைக் கவனியுங்கள். பெரிய அலைக் கூட்டம் எதுவரை வருகிறது என்று தெரியும்.

* மணலும் பாறையும் எதுவரை ஈரமாக இருக்கின்றன என்று பாருங்கள். அந்தக் கோடுவரை ஏற்கெனவே ஓர் அலை வந்துவிட்டுப் போயிருக்கிறது. ஈரப் பாறையில் நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

* கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரிடம், “அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

* குழந்தைகளைத் தண்ணீருக்கு அருகே விட்டுவிட்டுக் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய வீரரே கடலைப் பார்த்துக் காத்திருந்துதான் இறங்குகிறார். 20 நிமிடம் காத்திருப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது!